கைகளைக் கழுவச் சொன்ன மருத்துவர்: இக்னாஸ் செம்மல்வைஸின் வாழ்வும் பாலூட்டும் தாய்மாருக்கு அது தரும் பாடமும்

குழந்தை பெற்ற முதல் ஆறு வாரங்களில் தாயின் உடல் நோய்த்தொற்றுக்கு எளிதில் ஆளாகிறது. கருப்பையில் நஞ்சுக்கொடி பிரிந்த இடம் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கும். தையல் போட்ட இடம் முழுமையாகக் கூடியிருக்காது. பாலூட்டத் தொடங்கிய மார்பில் காம்பு வெடித்திருக்கலாம். இந்த வாயில்களுக்குக் கிருமிகளைக் கொண்டு சேர்ப்பதில் மனிதரின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதனை இன்று பள்ளிக் குழந்தையும் அறியும். ஆயினும் ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவின் தலைசிறந்த மருத்துவர்களே இதனை அறிந்திருக்கவில்லை. கண்டறிந்து சொன்ன ஒருவரையும் அவர்கள் ஏற்கவில்லை. அவரது வாழ்க்கையை நீங்கள் அறிந்துகொண்டால், வார்டில் செவிலியர் ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்று கைகளைத் தூய்மை செய்வதன் காரணம் விளங்கும். குழந்தையைத் தூக்க வருவோரிடம் கை கழுவச் சொல்ல நீங்கள் ஏன் தயங்கத் தேவையில்லை என்பதும் விளங்கும்.

இளமையும் கல்வியும்

இக்னாஸ் செம்மல்வைஸ் 1818ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள புடா நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டின் ஒரு பகுதி. தந்தை மளிகை வணிகர். பத்துப் பிள்ளைகளுள் இவர் ஐந்தாமவர். சட்டம் பயில 1837இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகருக்குச் சென்றவர், அடுத்த ஆண்டே மருத்துவப் படிப்புக்கு மாறினார். 1844இல் பட்டம் பெற்றார். 1846 ஜூலையில், வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவில் பேராசிரியர் யோகான் கிளைனின் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 28.

இரண்டு பிரிவுகள்

அந்த மருத்துவமனையில் இரண்டு மகப்பேறுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றனர். ஏழைப் பெண்களே பெரும்பாலும் அங்கு வந்தனர். எந்த நாளில் வலி எடுத்து வந்தார்களோ, அந்த நாளுக்குரிய பிரிவில் அவர்கள் சேர்க்கப்பட்டனர்.

இரு பிரிவுகளிலும் தாய்மாரைக் கொன்ற நோய் ஒன்றே. அதற்குப் பிரசவக் காய்ச்சல் என்று பெயர். நம் ஊர்களில் பிரசவ சன்னி என்று பாட்டிமார் அஞ்சிய நோயும் இதுவே. குழந்தை பிறந்து ஓரிரு நாட்களில் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் ஏறும், அடிவயிறு வீங்கி வலிக்கும், சில நாட்களில் உயிர் பிரியும். தாயோடு பச்சிளங்குழந்தையும் அதே நோயால் இறப்பதுண்டு.

நோய் ஒன்றே என்றாலும் சாவின் அளவு ஒன்றாக இல்லை. 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் குழந்தை பெற்ற 4,010 பேரில் 459 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேர் இறந்தனர். மருத்துவர்கள் பார்த்த பிரிவில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் மரணம் நேர்ந்தது. மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் அதில் கால் பங்கே. நகரத்துப் பெண்கள் இதனை அறிந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் மண்டியிட்டு மன்றாடியதைச் செம்மல்வைஸ் கண்டார். வழியில் தெருவோரத்தில் பிள்ளை பெற்று, பிறகு மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம்கூட இந்நோய் அரிதாகவே தோன்றியது.

காரணத்தைத் தேடியவர்

அக்காலத்து மருத்துவர்கள் கெட்ட காற்று, பருவநிலை, தாயின் அச்சம் எனப் பல காரணங்களைக் கூறினர். செம்மல்வைஸ் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். காற்றும் பருவமும் காரணம் என்றால், ஒரே கூரையின் கீழ் உள்ள இரு பிரிவுகளையும் அவை ஒரே அளவில் தாக்க வேண்டும். நெரிசல் காரணம் என்றால், பெண்கள் விரும்பிச் சென்ற இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் மிகுதி. இரண்டாம் பிரிவில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளை பெற்றனர் என்பதால், முதற்பிரிவிலும் அம்முறையைப் புகுத்தினார். பயன் இல்லை. சாகும் தறுவாயில் உள்ளோருக்காக மணியடித்தபடி வார்டைக் கடக்கும் பாதிரியாரால் அச்சம் எழுகிறதோ என்று கருதி, அவரை மணியின்றி வேறு வழியாக வரச் செய்தார். அதனாலும் பயன் இல்லை.

1847 மார்ச்சில் விடை வேறொரு துயரத்தின் வழியே வந்தது. அவருடைய நண்பரும் தடயவியல் மருத்துவப் பேராசிரியருமான யாக்கோப் கோலெச்கா, பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி விரலில் பட்டுக் காயமடைந்தார். சில நாட்களில் காய்ச்சல் கண்டு இறந்தார். அவரது உடலைப் பரிசோதித்த குறிப்பைப் படித்த செம்மல்வைஸ் திகைத்தார். பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்ட அதே மாற்றங்கள் ஓர் ஆணின் உடலிலும் இருந்தன. நண்பருக்குக் கத்தியின் வழியே சென்ற நஞ்சு, தாய்மாருக்கு எதன் வழியே செல்கிறது?

மாணவர்களும் மருத்துவர்களும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்தனர். பின்னர் அதே கைகளால் மகப்பேறு வார்டில் பெண்களைப் பரிசோதித்தனர். சோப்பிட்டுக் கழுவிய பின்பும் அவர்கள் கைகளில் பிண வாடை நின்றது. மருத்துவச்சிகளோ பிணவறைக்குச் செல்வதில்லை. இரு பிரிவுகளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த முடிவின் சுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நோயின் காரணத்தை அறியும் ஆர்வத்தால், மற்றவர்களைவிட மிகுதியாகப் பிணப் பரிசோதனை செய்தவர் செம்மல்வைஸ். ஆகவே தம் கைகளே பல தாய்மாருக்கு எமனாகியிருக்கின்றன என்பதை அவர் ஏற்க வேண்டியிருந்தது. அவர் அதனை மறைக்கவில்லை. பிற்காலத்தில் தாம் எழுதிய நூலிலேயே பதிவு செய்தார்.

வாசலில் வைத்த கிண்ணம்

1847 மே மாத நடுவில் அவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். முதற்பிரிவுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த நீரில் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இன்று நாம் பிளீச்சிங் பவுடர் என்று அழைக்கும் பொருளையே அவர் பின்னர் பயன்படுத்தினார். கிருமிகளைப் பற்றி அப்போது யாரும் அறியார். பிண வாடையைப் போக்கும் பொருள், அந்த நஞ்சையும் போக்கும் என்று அவர் கருதினார்.

ஏப்ரல் மாதத்தில் முதற்பிரிவில் இறப்பு 18 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. ஜூனில் அது ஏறத்தாழ 2 விழுக்காடாகவும், ஜூலையில் 1.2 விழுக்காடாகவும் குறைந்தது. 1848ஆம் ஆண்டு முழுவதும் அப்பிரிவில் குழந்தை பெற்ற 3,556 பேரில் 45 பேரே இறந்தனர். அவ்வாண்டின் இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இடையில் ஒரு கசப்பான பாடமும் கிடைத்தது. 1847 அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண் முதல் கட்டிலில் சேர்க்கப்பட்டார். மருத்துவர்கள் வாசலில் குளோரின் நீரில் கழுவிவிட்டு அவரைப் பரிசோதித்தனர். அதன்பின் சோப்பு மட்டும் இட்டுக் கழுவிக்கொண்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குச் சென்றனர். அவ்வரிசையில் பிள்ளை பெற்ற 12 பேரில் 11 பேர் இறந்தனர். நஞ்சு பிணத்திலிருந்து மட்டும் வருவதில்லை, உயிருள்ளவரின் புண்ணிலிருந்தும் வரும் என்று செம்மல்வைஸ் அன்று உணர்ந்தார். வாசலில் ஒருமுறை கழுவினால் போதாது, ஒவ்வொருவரையும் தொடும் முன் கழுவ வேண்டும் என்று விதியை மாற்றினார். இன்று உங்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் கைகளைத் தூய்மை செய்யும் முறைக்கு இந்நிகழ்ச்சி ஒரு முன்னோடி.

ஏன் ஏற்கவில்லை?

இத்தனை தெளிவான கணக்கு இருந்தும், பெரும்பாலான மருத்துவர்கள் அவர் கூற்றை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கொல்லும் என்பதற்கு அறிவியல் விளக்கம் அப்போது இல்லை. அதைவிட ஆழமான காரணமும் உண்டு. உயிர் காக்க வந்த தம் கைகளே உயிரைப் பறித்தன என்று ஒப்புக்கொள்ள அவர்களின் மனம் இடந்தரவில்லை. கை கழுவு என்ற சொல், நீ அழுக்கானவன் என்று அவர்கள் காதில் விழுந்தது.

செம்மல்வைஸிடமும் குறை இருந்தது. அவர் தம் கண்டுபிடிப்பை உடனே எழுதி வெளியிடவில்லை. நண்பர்கள் அவர் சார்பில் எழுதினர். அவரது நூல் வெளிவந்ததோ 1861ஆம் ஆண்டு எனக் குறிக்கப்பட்டு, கண்டுபிடிப்புக்கு 13 ஆண்டுகளுக்கும் பின்னரே. மறுத்தவர்களைப் பொறுமையாக இணங்கச் செய்வதற்கு மாறாக, கொலைகாரர் என்று கடுமையாகச் சாடி மடல்கள் எழுதினார். உண்மை அவர் பக்கம் இருந்தது. அதைக் கேட்கும் மனத்தை அவரால் உருவாக்க இயலவில்லை.

1849இல் வியன்னாவில் அவரது பணி நீட்டிக்கப்படவில்லை. 1850இல் அவர் தாயகம் திரும்பினார். பெஸ்ட் நகரில் தூய ரோக்கஸ் மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவுக்கு 1851 முதல் ஊதியமின்றித் தலைமை ஏற்றார். அங்கும் கை கழுவும் விதியைப் புகுத்தி, பிரசவக் காய்ச்சலால் நேரும் இறப்பை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். 1855இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1857இல் மணம் புரிந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தனர்.

1860களில் அவரது மனநிலை தடுமாறியது. 1865 ஜூலை இறுதியில், வேறு காரணம் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, வியன்னா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். தப்பிக்க முயன்றபோது காவலர்களால் தாக்கப்பட்டார். இரண்டு வாரங்களில், ஆகஸ்டு 13ஆம் நாள், புண் சீழ்பிடித்து நஞ்சு இரத்தத்தில் கலந்து உயிர் நீத்தார். தாய்மாரையும் தம் நண்பரையும் கொண்டுசென்ற அதே வகை நோய் அவரையும் கொண்டுசென்றது. அப்போது அவருக்கு வயது 47.

அவர் இறப்பதற்கு முந்தைய நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், ஒரு சிறுவனின் புண்ணில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தி முதன்முதலாக வெற்றி கண்டார். 1879இல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், பிரசவக் காய்ச்சல் கண்ட தாய்மாரிடம் உள்ள கிருமியைச் சுட்டிக்காட்டினார். செம்மல்வைஸ் சொன்னது உண்மை என்பதை உலகம் ஏற்றது. புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த வீடு மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக உள்ளது. அவரது உடலும் அங்கேயே துயில்கிறது.

மார்பகத் தொற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

செம்மல்வைஸ் போராடியது கருப்பை வழியே வரும் காய்ச்சலுடன். மார்பகத் தொற்று வேறு நோய், அதன் கிருமியும் பெரும்பாலும் வேறு. எனினும் கை என்ற வழி இரண்டுக்கும் பொதுவானது.

மார்பகச் சீழ்க்கட்டியை மிகுதியாக உண்டாக்குவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. நலமாக உள்ள பலரின் மூக்கிலும் தோலிலும் அது எத்தொல்லையும் தராமல் வாழ்கிறது. 1950களில் பல நாடுகளின் மகப்பேறு மருத்துவமனைகளில் இக்கிருமி பச்சிளங்குழந்தைகளிடையே பரவியது. பாலருந்தும் குழந்தையின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தாயின் மார்பை அடைந்து சீழ்க்கட்டியை உண்டாக்கியது. ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு அதனைக் கொண்டு சென்றதில் பணியாளர்களின் கைகளே முதன்மையானவை என்று 1960களில் நடந்த ஆய்வுகள் காட்டின. செம்மல்வைஸ் கற்ற பாடத்தை மருத்துவ உலகம் மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

பால் கட்டிக்கொள்ளுதல் எல்லாம் தொற்று அன்று. பால் சரியாக வடியாமல் தேங்கும்போது மார்பு கனத்து வீங்கி வலிக்கும். அது அழற்சியாக மாறினால் ஒரு பகுதி சிவந்து, சூடேறி, காய்ச்சல் வரலாம். காம்பில் வெடிப்பு இருந்து கிருமியும் நுழைந்தால் தொற்றாகும். கவனிக்காமல் விட்டால் சீழ்க்கட்டியாகலாம். ஆகவே கை கழுவுவது பாதுகாப்பின் ஒரு பகுதி. குழந்தை மார்பைச் சரியாகக் கவ்விப் பிடிப்பதும், கேட்கும் போதெல்லாம் பாலூட்டுவதும் மற்றொரு பகுதி. கைகளை நன்கு கழுவிய தாய்க்கும் மார்பக அழற்சி வரலாம். அது அவர் செய்த தவறு ஆகாது. வீட்டார் அவரைக் குறைகூறலாகாது.

எப்போது, எவ்வாறு கழுவ வேண்டும்?

பாலூட்டும் முன்பும் பால் பீய்ச்சும் முன்பும், மார்பையோ காம்புப் புண்ணையோ தொடும் முன்பும் கழுவுங்கள். கழிவறை சென்று வந்த பின்பும், குழந்தையின் மலத்துணி மாற்றிய பின்பும், உங்கள் நாப்கின் மாற்றிய பின்பும், தையல் புண்ணைத் தொட்ட பின்பும் கழுவுங்கள். குழந்தையைக் கையில் வாங்கும் எவரும் அதற்கு முன் கழுவ வேண்டும்.

ஓடும் நீரில் கைகளை நனைத்துச் சோப்பிட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் ஆகிய எல்லா இடங்களையும் குறைந்தது 20 நொடிகள் தேயுங்கள். பிறகு அலசித் தூய துணியில் துடையுங்கள். குழாய் இல்லையெனில், ஒருவர் குவளையில் நீர் மொண்டு ஊற்றினாலும் போதும். மோதிரத்தைக் கழற்றுங்கள், நகங்களை ஒட்ட வெட்டுங்கள். வீட்டில் பிளீச்சிங் பவுடர் தேவையில்லை, அது தோலை அரிக்கும். சாதாரணச் சோப்பே போதும்.

கைகளுக்குத் தேவைப்படும் சோப்பு காம்புக்குத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் காம்பைச் சோப்போ கிருமிநாசினியோ இட்டுக் கழுவினால், தோல் வறண்டு வெடிக்கும். அந்த வெடிப்பே கிருமிக்கு வாயிலாகும். நாள்தோறும் குளிக்கும்போது படும் நீர் போதும். பாலூட்டிய பின் சில துளித் தாய்ப்பாலைக் காம்பில் தடவிக் காற்றில் உலரவிடுங்கள். புண் ஏற்பட்டால், மருத்துவர் சொல்லாத எந்தப் பொடியையும் களிம்பையும் பூசாதீர்கள். பச்சிளங்குழந்தையின் மார்பை அழுத்திப் பால் எடுக்கும் வழக்கமும் கூடாது. அது குழந்தையின் மார்பில் சீழ் பிடிக்கச் செய்யும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

மார்பில் ஒரு பகுதி சிவந்து வலித்தால் பாலூட்டுவதை நிறுத்தாதீர்கள். அந்தப் பால் நலமான குழந்தைக்குத் தீங்கு செய்யாது. மார்பை வலிக்க வலிக்கப் பிசையாதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுப்பது வலியைக் குறைக்கும்.

ஒரு நாளுக்குள் வலி குறையாவிட்டாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து சீழோ இரத்தமோ வந்தாலோ, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். மருத்துவர் தந்த மாத்திரைகளை, வலி நின்றாலும் சொன்ன நாள்வரை உட்கொள்ளுங்கள்.

நாற்றமுள்ள தீட்டு, கடும் அடிவயிற்று வலி, குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், மனக்குழப்பம் ஆகியவை கருப்பைத் தொற்றின் அபாயக் குறிகள். செம்மல்வைஸின் காலத்தில் மரணமாக முடிந்த அந்நோய்க்கு இன்று சிகிச்சை உண்டு. ஆனால் காலம் தாழ்த்தலாகாது. உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேட்பது அவமதிப்பு அன்று

வெளியே சென்று வந்தால் கை கால் கழுவிய பிறகே வீட்டுக்குள் வர வேண்டும் என்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். ஆயினும் குழந்தை பார்க்க வரும் மாமியாரிடமோ அத்தையிடமோ, வயதில் மூத்த உறவினரிடமோ கை கழுவச் சொல்ல இளம் தாய் தயங்குகிறாள். வியன்னாவின் மருத்துவர்கள் கொண்ட கோபத்தை இவர்களும் கொள்வார்களோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்தச் சொல்லை அவளிடம் விட்டுவிடாமல் கணவரோ தாயாரோ சொல்வது நன்று. வாசற்படியருகே சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துவிட்டால், சொல்ல வேண்டிய தேவையே குறையும். வருவோரும் கேட்கும் முன்பே கழுவிக்கொண்டால், அதுவே அவர்கள் தாய்க்கும் சேய்க்கும் கொண்டுவரும் முதற்பரிசு.

இதே உரிமை மருத்துவமனையிலும் உங்களுக்கு உண்டு. மகப்பேறு வார்டில் நாள்தோறும் சுற்று வரும் மருத்துவர்களுள் நானும் ஒருவர். அவசரத்தில் நான் மறந்து உங்களைத் தொட வந்தால், கைகளைத் தூய்மை செய்துவிட்டீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். செம்மல்வைஸ் தம் கைகளைப் பற்றி அறிந்த உண்மையை ஏற்றார். எங்களாலும் ஏற்க முடியும்.